குறிப்பெயரும் தமிழெழுத்தும்: திறமூல நிரல்பெயர்ப்பிகளின் அண்மை மாற்றங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திறமூல நிரல்பெயர்ப்பிகள் பலவற்றில் குறிப்பெயர் பற்றிய விதிகள் அண்மை ஆண்டுகளில் திருத்தப்பட்டுள்ளன. இலத்தீன் அல்லாத எழுத்துகளாலும் மாறிகளுக்குப் பெயரிடலாம் என்பது இத்திருத்தங்களின் பொதுப்போக்கு. அவை தமிழெழுத்தின் இயல்பை எந்த அளவுக்கு உணர்ந்து செய்யப்பட்டன, எங்கே அவ்வியல்பைத் தவறவிட்டன என்பதை இக்கட்டுரை பைத்தான், சி++, ரஸ்ட், கோ ஆகிய மொழிகளையும் தமிழ் நிரல்மொழியாகிய எழிலையும் முன்வைத்து மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: நிரல்பெயர்ப்பி, குறிப்பெயர், ஒருங்குறி, உயிர்மெய், புள்ளி, எழில்

பெயரிடும் இடம்

நிரலில் வரும் சிறப்புச் சொற்கள் மொழியை வகுத்தவருக்கு உரியவை. குறிப்பெயரோ நிரலை எழுதுபவருக்கு உரியது. மாறி, செயற்கூறு, இனக்குழு ஆகியவற்றுக்கு அவர் சூட்டும் பெயரைக் கொண்டே பிறர் அந்நிரலின் கருத்தை அறிகின்றனர். விளக்கக் குறிப்புகளை நிரல்பெயர்ப்பி படிக்காமல் தாண்டிச் செல்லும். ஆகவே எழுதுபவரின் சொல்லை இயந்திரம் பொருட்படுத்தி ஏற்கும் இடம் ஏறத்தாழக் குறிப்பெயர் ஒன்றுதான். அவ்விடத்தில் தமிழ்ச்சொல் நிற்கக்கூடுமா என்பது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. எழுத்து என்றால் எது என்னும் இலக்கண வினாவுக்கு நிரல்பெயர்ப்பியின் மூலநிரல் தரும் விடை அதில் அடங்கியிருக்கிறது.

இவ்விடையின் வரலாறு தடுமாற்றம் நிறைந்தது. 1999ஆம் ஆண்டின் சி தரநூல், பின்னிணைப்பொன்றில் குறிப்பெயரில் வரத்தக்க பன்மொழி எழுத்துகளைப் பட்டியலிட்டது. தமிழெழுத்துகளும் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் இடம்பெற்றன. பட்டியல் முறையின் குறை விரைவில் வெளிப்பட்டது. ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில், 2005இல், சேர்க்கப்பட்ட ‘ஶ’ அப்பட்டியலுக்குப் புறத்தே நின்றது. 2011இல் வந்த சி, சி++ தரநூல்கள் மறுகோடிக்குச் சென்றன. பரந்த எண்வரம்புகளை மொத்தமாகத் திறந்துவிட்டு, தொடக்கத்தில் வரலாகாதவை எனச் சில வரம்புகளை மட்டும் விலக்கின. தமிழ் உயிர்க்குறிகள் அவ்விலக்கில் சேரவில்லை. விளைவாக, துணைக்கால் ஒன்று மெய்யின் துணையின்றித் தனியே நின்று ஒரு பெயரைத் தொடங்கலாம் என்பது பத்தாண்டுக் காலம் ஏட்டளவில் செல்லுபடியாயிற்று.

ஏட்டில் இருந்தது நடைமுறையில் இருந்ததா என்பது வேறு. ஜிசிசி நிரல்பெயர்ப்பியில் 2020 மே மாதம் வெளியான 10ஆம் பதிப்புக்கு முன்னர்த் தமிழெழுத்தை நேரடியாகத் தட்டெழுதிக் குறிப்பெயர் ஆக்க இயலாது. ஒவ்வொரு குறியின் ஒருங்குறி எண்ணையும் பின்சாய்கோட்டுடன் எழுத வேண்டும். ‘க’ என்று எழுதுவதற்கு அதன் எண்ணை எழுதுவது உரிமையாகுமா? கிளாங் நிரல்பெயர்ப்பி இத்தடையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே நீக்கியிருந்தது.

இத்தடுமாற்றத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது ‘பி1949’ என்னும் முன்மொழிவு. சி++ தரக்குழு இதனை 2021இல் ஏற்றது. ஜிசிசி 12, கிளாங் 14 ஆகிய பதிப்புகளில், இரண்டும் 2022இல், இது நடைமுறைக்கு வந்தது. ஒருங்குறிச் சேர்த்தியத்தின் 31ஆம் இணைப்பு வகுக்கும் இரு பண்புகளே இதன் அடிப்படை: பெயரைத் தொடங்கத்தக்கவை, பெயரில் தொடரத்தக்கவை. தமிழ் உயிரும் அகரமேறிய மெய்யும் முதல் வகை. உயிர்க்குறிகளும் புள்ளியும் இரண்டாம் வகை. பைத்தான் மொழி ‘பெப் 3131’ என்னும் 2007ஆம் ஆண்டு முன்மொழிவின் வழியாக, 2008 திசம்பரில் வெளியான 3.0 பதிப்பிலேயே இப்பாதையில் சென்றுவிட்டது. ரஸ்ட் 2021 சூனில் வெளியான 1.53ஆம் பதிப்பில் சேர்ந்துகொண்டது. இப்பகுப்பு தமிழிலக்கணத்தோடு பெரிதும் முரண்படவில்லை. ஆய்தமும் சொல்லைத் தொடங்கலாம் என இவை கருதுவது மொழிமுதல் எழுத்து விதிக்கு மாறானதே. எனினும் அதனால் எவருக்கும் இழப்பில்லை.

‘பல’ உண்டு, ‘சில’ இல்லை

கூகுள் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட கோ மொழி வேறு முடிவை எடுத்தது. குறிப்பெயரில் ஒருங்குறி ‘எழுத்து’ என வகைப்படுத்தியவையும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். சேர்க்கைக் குறிகள் வரலாகா. இவ்விதி கேட்பதற்கு எளிது. ஒருங்குறியில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’ என்னும் வகையைச் சேர்ந்தவை என்பதை நினைத்துப் பார்க்கும்போதே அதன் கடுமை புலப்படும்.

‘கடையநல்லூர்’ என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி இதில் எழுத்துகள் 7. ஒருங்குறியில் இது 11 குறியெண்களின் கோவை; யூடிஎஃப்-8 வடிவில் 33 பைட்டுகள். பைத்தான், ரஸ்ட், சி++ ஆகிய மூன்றும் இதனை ஒரு பெயராக ஏற்கின்றன. கோ நிரல்பெயர்ப்பியோ ‘கட’ வரை சென்று, ஐகாரக் குறியைக் கண்டதும் பெயரில் வரத்தகாத குறியென்று பிழை அறிவிக்கிறது. உயிர்க்குறியோ புள்ளியோ இன்றி, உயிரெழுத்தாலும் அகர உயிர்மெய்யாலும் மட்டும் அமைந்த சொற்களே அதில் தேறும். ‘பல’ தேறும், ‘சில’ தேறாது. ‘நட’, ‘வர’, ‘தர’ தேறும்; ‘நில்’, ‘போ’, ‘கொடு’ தேறா. தமிழின் சொற்பரப்பில் இப்படி எஞ்சுவன எவ்வளவு சொற்பம் என்பதை இதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடிகள் புள்ளியைப் பெரிதும் விட்டெழுதின. ஆயினும் அவைகூட உயிர்க்குறிகளை விட்டதில்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்ததும் அன்று. அம்மொழியின் வினா-விடைக் குறிப்பே, சேர்க்கைக் குறிகள் வேண்டுமென்றே விலக்கப்பட்டன என்றும், அதனால் தேவநாகரி போன்றவை விடுபடுகின்றன என்றும் ஒப்புக்கொள்கிறது. கோ மொழியை வகுத்த மூவருள் இருவரான கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வடிவமைத்தவர்கள் என்பதை எண்ணும்போது இம்முடிவு வியப்பளிக்கிறது. உலகின் எழுத்துகளையெல்லாம் ஒரே ஓடையில் செலுத்த வழிகண்டவர்களே, தம் மொழியின் வாயிலில் இந்திய எழுத்துகளை நிறுத்திவைத்தனர். எளிமை என்பதே அவர்கள் கூறும் காரணம். அவ்வெளிமையின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை அக்காரணம் சொல்வதில்லை. இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக், சீனம் ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு; தமிழுக்கோ ஏறத்தாழ முழுச்சொல்வளமும்.

ஒருங்குறி ‘குறி’ என்று வகுத்ததைக் கோ ‘எழுத்தின் ஒட்டு’ என்று பொருள்கொண்டது. ஐரோப்பிய மொழிகளின் அசையழுத்தக் குறிக்கு அப்பொருள் பொருந்தலாம். தமிழில் ‘டை’ என்பது ‘ட’வின் மேல் ஒட்டிய அணி அன்று, டகர மெய்யும் ஐகார உயிரும் கூடிய ஓரெழுத்து. புள்ளியின் நிலை இன்னும் அடிப்படையானது. மெய்யின் இயற்கையே புள்ளியொடு நிலையல் என்பது தொல்காப்பிய மரபு. அந்தப் புள்ளியைச் சேர்க்கைக் குறியென ஒதுக்கும் விதி, தமிழ் நெடுங்கணக்கின் மெய் 18ஐயும் ஒருசேர ஒதுக்குகிறது.

இதனைத் திருத்துவது கடினமா? எழுத்து பற்றிய வரையறையில் சேர்க்கைக் குறிகளைத் தொடரத்தக்கவையாக அனுமதித்தால், முன்பு பிழையாக இருந்தது சரியாகும். முன்பு சரியாக இருந்த எந்நிரலும் பிழையாகாது. ஆகவே பழைய நிரல்களைக் காக்கும் அம்மொழியின் உறுதிமொழிக்கு இதனால் ஊறில்லை. கடினமானது வேறொன்று: கோவில் ஒரு பெயர் அதன் தொகுதிக்கு வெளியே தெரியவேண்டுமானால் பேரெழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேறுபாடே இல்லை. பெயருக்கு முன் இலத்தீன் பேரெழுத்தொன்றை ஒட்டவைப்பதே இப்போதைய மாற்றுவழி. தன் எழுத்துமுறையின் தற்செயல் பண்பொன்றை மொழியின் இலக்கணமாக உயர்த்திய பிழை இது.

பைத்தான் இவ்வகையில் குற்றமற்றது என்றும் சொல்வதற்கில்லை. குறிப்பெயர் விதியில் தமிழுக்கு இடம் தந்த அதே மொழியின் வழக்குத்தொடர் நூலகம், ‘சொல்லெழுத்து’ என்னும் குறிக்கு எழுத்தும் எண்ணும் மட்டுமே எனப் பொருள்கொள்கிறது. ‘கடையநல்லூர்’ என்னும் சொல்லைக் கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ‘கட’, ‘யநல’, ‘ல’, ‘ர’ என நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒருங்குறியின் பரிந்துரை சேர்க்கைக் குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளச் சொல்கிறது. பேர்ல் மொழியும் ரஸ்டின் வழக்குத்தொடர் நூலகமும் அவ்வாறே செய்கின்றன. பைத்தானில் இக்குறை 2011இலேயே சுட்டிக்காட்டப்பட்டது. ஒரே மொழியின் இரு பகுதிகள் ‘சொல்’ என்பதற்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன. தமிழ்த் தரவகத்தில் சொல் எண்ணிக்கை எடுக்கும் ஆய்வாளர் இதனை அறியாமல் கணக்கிட்டால் அவருடைய அட்டவணை முழுவதும் பழுதாகும். குறிப்பெயர் விதியைவிட இக்குறையே தமிழாய்வுக்கு உடனடித் தீங்கு விளைப்பது என்பது என் மதிப்பீடு.

ஒரே தோற்றம், இரு கோவை

அண்டை ஊரான ‘சங்கரன்கோவில்’ வேறொரு சிக்கலைக் காட்டும். இதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் முறையில் பெயரின் நீளம் 13, இரண்டாவதில் 14. திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் பிரிந்த வடிவம் இன்றும் காணப்படுகிறது.

பைத்தானும் ரஸ்டும் பெயர்களை ஒரு பொதுவடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே ஒப்பிடுகின்றன; எனவே இரண்டும் ஒரே பெயராகும். ‘பி1949’ பெயரை மாற்றி அமைப்பதில்லை. இயல்பாக்கிய கூட்டு வடிவத்தில் இல்லாத பெயரைப் பிழையெனக் கொள்கிறது. சாவாவோ 1996இல் வெளியான முதற்பதிப்பிலிருந்தே ஒருங்குறிப் பெயர்களை ஏற்றும், இயல்பாக்கத்தைச் செய்வதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் அதில் இரு வேறு மாறிகள். முன்னதாகத் திறந்த வாயில் எப்போதும் நல்ல வாயிலாக இருப்பதில்லை. மூன்று அணுகுமுறைகளுள் ரஸ்டும் பைத்தானும் கொண்டது பயனர்க்கு இணக்கமானது. சி++ கொண்டது கடுமையானது என்றாலும், பிழை மறைந்து நிற்காமல் வெளிப்பட்டுவிடுகிறது.

இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தோடு தோற்றத்தில் வேறுபடுவதில்லை. ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று தட்டெழுதும் வழக்கம் நாளிதழ்களில்கூடப் பரவியிருக்கிறது. இவை இலக்கணப்படியே வேறு எழுத்துகள். எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது, ஒன்றாக்கவும் கூடாது. தமிழ் எண் ‘௧’ ககரத்தையும், ‘௭’ எகரத்தையும் ஒத்திருப்பதும் இத்தகையதே.

ஒத்த தோற்றம் பற்றிய அச்சம் 2021 நவம்பரில் பெரிதாயிற்று. கேம்பிரிட்சு ஆய்வாளர்களான நிக்கோலசு பௌச்சரும் ராசு ஆண்டர்சனும், வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துகளுக்கான கட்டுப்பாட்டுக் குறிகளையும் ஒத்த தோற்ற எழுத்துகளையும் கொண்டு நிரலைப் படிப்பவரை ஏமாற்ற இயலும் எனக் காட்டினர். ரஸ்ட் அதே நாளில் 1.56.1 பதிப்பை வெளியிட்டது. ஜிசிசி 12 புதிய எச்சரிக்கையைச் சேர்த்தது. இவை தக்க நடவடிக்கைகளே. ஆனால், ஏமாற்றுக்கு அஞ்சி இலத்தீன் அல்லாத எழுத்துகளை முற்றாக விலக்குவதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் வலுவான சான்று கிடைத்ததாகக் கருதினர். எச்சரிக்கை செய்வதும் விலக்குவதும் ஒன்றல்ல. ஒரு பெயர் முழுவதும் தமிழில் இருக்கையில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஒரே பெயருக்குள் எழுத்துமுறைகள் கலக்கும்போதுதான் ஐயம் மிகும். ரஸ்டின் எச்சரிக்கைகள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு அமைந்துள்ளமை பாராட்டத்தக்கது.

எழிலின் இடம்

முத்தையா அண்ணாமலை 2007இல் உருவாக்கத் தொடங்கி, 2009இல் ஆய்வுரை வாயிலாக அறிமுகம் செய்த எழில், குறிப்பெயரோடு நில்லாமல் சிறப்புச் சொற்களையும் தமிழாக்கியது. பைத்தானின் மேல் கட்டப்பட்ட வரிமொழிமாற்றி அது. கண்டிப்பான பொருளில் நிரல்பெயர்ப்பி அன்று. பைத்தான் 2008இலிருந்தே தமிழ்ப் பெயரை ஏற்கிறது என்பதால் எழிலின் தேவை குறைந்துவிட்டதா? குறையவில்லை என்பதற்கு அதன் தொடரமைப்பே விடை. எழிலில் நிபந்தனை முதலில் வரும். ‘ஆனால்’ பின்னர் வரும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னிற்கும். தமிழில் அது வினையின் இறுதியில் நிற்கும். சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் சொல்வரிசையையும் தமிழாக்க வேண்டும் என்று கண்டதே எழிலின் உண்மையான பங்களிப்பு. ‘வரை’ என்னும் சுழற்சிக் கட்டளையும் அவ்வாறே நிபந்தனைக்குப் பின் வருகிறது.

இக்கொள்கையை எழில் இறுதிவரை கொண்டுசெல்லவில்லை. ‘பின்கொடு’, ‘பதிப்பி’ ஆகிய ஏவல்கள் செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கின்றன. நிபந்தனையில் தமிழ், ஏவலில் ஆங்கிலம். பெயர்கள் வேற்றுமை உருபேற்கும்போது வடிவம் மாறும் என்பதே இங்குள்ள இடர்ப்பாடு என்று கருதலாம். ‘விலை’யும் ‘விலையை’யும் ஒரே மாறி என அறிய, நிரல்பெயர்ப்பிக்கு உருபியல் பகுப்பாய்வு தேவைப்படும். ஆனால் உருபில்லாமல் பெயரை முன்னும் ஏவலைப் பின்னும் வைக்கத் தமிழில் இடமுண்டு. செயப்படுபொருள் தொகையாக வருவது இலக்கணம் ஒப்புக்கொண்டதே.

‘இல்லைஆனால்’ என்னும் சிறப்புச் சொல்லை ஏற்க இயலவில்லை. சொல்லிடையில் உயிரெழுத்துத் தனித்து வாராது. உடம்படுமெய் பெற்று ‘இல்லையானால்’ என்றாதல் வேண்டும். இயந்திரத்துக்கு இரண்டும் குறியெண் கோவைகளே. ஒன்றைவிட மற்றொன்று கடினமன்று. ‘இல்லை’, ‘ஆனால்’ என்னும் இரு கட்டளைகளும் கற்போர் கண்ணுக்குத் தனித்துத் தெரியட்டும் என்பது நோக்கமாக இருந்திருக்கலாம். தமிழ்வழி கற்பிக்க வந்த மொழி புணர்ச்சிப் பிழையை விதியாக்குவது அந்நோக்கத்தைவிடப் பெரிய இழப்பு. எழிலின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. பழைய வடிவத்தை விடாமலே புதிய வடிவத்தையும் ஏற்கச் செய்வது பெரும்பணி அன்று.

எழிலோடு தொடர்ந்து வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் இவ்வகையில் மேலும் பயனுள்ளது. குறியெண்களை எண்ணாமல் இலக்கணம் கூறும் எழுத்துகளை எண்ணும் செயற்கூறு அதில் உண்டு. கடையநல்லூருக்கு அது 7 என்றே விடை தரும். எழில் மொழியாக வாழுமோ இல்லையோ, அதன் வழி வந்த இந்நூலகம் தமிழாய்வுக்கு நிலைத்த கருவியாகியிருக்கிறது.

யாருக்கு வேண்டும்?

தமிழ்ப் பெயரால் நிரல் எழுத யாருக்குத் தேவை என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பன்னாட்டுப் பங்களிப்பாளர் கூடும் திட்டங்களில் இலத்தீன் பெயர்களே தொடரும். பைத்தானின் தரநூலகமே தன் பெயர்கள் இலத்தீனில் மட்டும் அமைய வேண்டும் என விதித்துள்ளது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. தமிழாய்வாளர் தம் ஆய்வுக்கென எழுதும் நிரலின் நிலை வேறு. வலி, வளி என்னும் இரண்டும் வழக்கமான இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பில் ஒன்றாகிவிடும். குறில், நெடில், ரகர றகர, னகர ணகர வேறுபாடுகளும் அவ்வாறே மங்கும். புணர்ச்சி விதியை நிரலாக்குவோர் தம் மாறிகளின் பெயரில் எந்த வேறுபாட்டை இழக்கிறார்களோ, அதையே விதியில் காக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். ‘குற்றியலுகரம்’ என்று எழுதினால் உடன் ஆய்வோர் எவரும் தயங்காமல் படிப்பர். அதன் இலத்தீன் வடிவத்தை ஒருவர் எழுதுவதுபோல் மற்றவர் எழுதுவதில்லை.

தமிழ்க் கணிமையின் உழைப்பு நெடுங்காலம் குறியெண் அடுக்கிலேயே செலவாயிற்று. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியாக்கம் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தந்தது. இலக்கண நோக்கில் அது கவர்ச்சியானது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. 31ஆம் இணைப்பின்படி அப்பகுதியின் எண்கள் குறிப்பெயரைத் தொடங்கவும் இயலாது, தொடரவும் இயலாது. அதாவது, டேஸ்-16இல் எழுதப்பட்ட தமிழ்ப் பெயரை மேற்கூறிய நிரல்பெயர்ப்பிகள் எவையும் ஏற்கா. குறியெண்ணுக்கு மேலுள்ள பண்பு அடுக்கில்தான் எழுத்து எது, சொல் எது என்பவை முடிவாகின்றன. அம்முடிவுகள் பொதுவெளியில், எவரும் கருத்துரைக்கத்தக்க முன்மொழிவுகளாகவே எடுக்கப்படுகின்றன. இகரக் குறியை ஒருங்குறி இடம்பெறும் குறியென்றும், ஈகாரக் குறியை இடம்பெறாக் குறியென்றும் வகுத்திருப்பதால், முனையத்திரையில் பிழையைச் சுட்டும் அம்புக்குறி தமிழ்ப் பெயர்களின் கீழ் விலகி நிற்க நேர்கிறது. குறிலுக்கும் நெடிலுக்கும் இப்படி வேறுபாடு காட்ட இலக்கணக் காரணம் ஏதுமில்லை. இதை எடுத்துரைக்கத் தகுதி வாய்ந்தவர்கள் தமிழ்த் துறைகளில் இருப்பவர்களே.

பள்ளியிலும் இவ்வினா உண்டு. தமிழக மேல்நிலைக் கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்புக்குச் சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் பாடமாக உள்ளன. கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ தமிழ்வழியில் பயிலும் மாணவர் விளக்கத்தைத் தமிழிலும் நிரலை முற்றிலும் இலத்தீனிலும் படிக்கின்றனர். குறிப்பெயர் ஆங்கில எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும் என்று பாடநூல் கற்பிக்கிறது. பைத்தான் 3ஐப் பொறுத்தவரை இது 2008 முதலே மெய்யன்று. சி++ மொழியைப் பொறுத்தவரையும் மெய்யன்று. அவ்வரியைத் திருத்தி, ‘விலை’, ‘எண்ணிக்கை’ என்னும் இரு மாறிகளைப் பெருக்கி ‘தொகை’ காணும் பயிற்சியொன்றைச் சேர்க்க அரைப்பக்கம் போதும். ஆய்வகக் கணினிகளில் பைத்தான் 3 நிறுவப்பட்டிருந்தால், அதற்கு வேறெந்த மென்பொருளும் தேவையில்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பு மட்டும் இயங்கினால் போதும்.